உடம்பு முழுக்க

"ஒரு கையெழுத்துக்கு நூற்றுச் சொச்சம் பவுணோ, பெனிற்றா? என்ன, பகிடி விடுறியளே?"

சேர்ஜரியில் டொக்டரைப் பார்க்கக் காத்திருந்த அத்தனை பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள். பார்க்கட்டும் என்றுதான் சத்தமாகக் கேட்டேன். கவுண்டருக்குப் பின்னால் இருந்த பெனிற்றா எங்கள் கோயில் பாடகர் குழுவில் பாடுகிற பிள்ளை. லண்டன் செவன் கிங்ஸில் எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கிறாள். என் சத்தம் அவளுக்குப் புதிதில்லை. வருகிற சனமெல்லாம் இதே கேள்வியைக் கேட்டுக் கேட்டு அவளுக்குப் பதில் பாடமாகிவிட்டது போல.

"கத்தாதேங்கோ அண்ணை. வருத்தம் பாக்கிறதுக்குத்தான் அரசாங்கம் டொக்டருக்குக் காசு குடுக்குது. நீங்கள் டக்சி ஓடுறதுக்கு அரசாங்கம் ஏன் குடுக்கோணும்? இது பிரைவேட் வேலை. அவர் கிளினிக் முடிஞ்ச பிறகு இருந்து செய்யிறவர்."

"என்ன பெரிய வேலை? கண்ணைப் பாத்து, பிரஷரை அளந்து, கீழை ஒரு கீறல்."

"உங்கட மெடிக்கல் நோட்ஸ் முழுக்க வாசிக்கோணும். வாசிச்சுப்போட்டு, இந்த ஆள் சனத்தை ஏத்திக்கொண்டு ஓடலாம் எண்டு பொறுப்பெடுக்கோணும். நாளைக்கு ஒண்டு நடந்தால் ஆரைக் கேப்பினம்? அவரைத்தான் கேப்பினம். அந்தப் பொறுப்புக்குத்தான் அண்ணை காசு."

நான் கார்டை எடுத்து மெஷினில் வைத்தேன். எனக்குக் காசில் கோபமே இல்லை. ஒரு ஹீத்ரோ ஓட்டமும் ஒரு கட்விக் ஓட்டமும் ஓடினால் வந்துவிடும் காசு. எனக்குப் பயம். பயம் வந்தால் நான் சத்தம் போடுவேன், என் மனிசி றோஸ்மலரைக் கேட்டால் சொல்வாள். அவளிடம் "கட்டணம் கூட, வேண்டாமெண்டு வந்திட்டன்" என்று நான் சொல்லி வீட்டுக்குப் போக ஒரு சாட்டுக் கிடைக்காதா என்றுதான் அந்த ஆர்ப்பாட்டமெல்லாம். ஆனால் அப்படிப் போனால் டக்சி லைசன்ஸ் புதுப்பிக்க முடியாது. லைசன்ஸ் இல்லாவிட்டால் கிறிஸ்துராஜா என்கிற நான் ஒன்றுமே இல்லை.

போன மாரிகாலத்தில் ஒரு நாள் காலை, குசினியில் தேத்தண்ணிக்குக் கேத்தலைப் போட்டுவிட்டு நின்றேன். அதுவரைக்கும்தான் எனக்கு நினைவு இருக்கிறது. பிறகு பார்த்தால் நான் நிலத்தில் கிடக்கிறேன், நாக்கு கடிபட்டு வாயெல்லாம் இரத்தம், உடுத்திருந்த சாரம் நனைந்திருக்கிறது, என் வலது கைக்குள் காரைப் பூட்டித் திறக்கிற திறப்பு இருக்கிறது. றோஸ்மலர் என் விரல்களைத் தன் இரண்டு கையாலும் பொத்திப் பிடித்துக்கொண்டு அருள் நிறைந்த மரியே சொல்லிக்கொண்டிருந்தாள். கைகால் இழுக்கும்போது இரும்பைக் கையில் கொடுக்க வேண்டும் என்று அவளுக்கு யாரோ ஊரில் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். அந்த அவசரத்தில் அவளுக்கு அகப்பட்டது என் பிரியஸ் காரின் திறப்பு. அதில் இரும்பைவிடப் பிளாஸ்டிக்தான் அதிகம் என்று பிறகு நான் பகிடிக்குச் சொன்னபோது அவள் சிரிக்கவில்லை.

"இது வலி," என்றாள். "எங்கட சின்னண்ணைக்கு வாறதைக் கண்டிருக்கிறன். இது வலிதான்."

எங்கள் ஆட்களின் பேச்சை அறியாதவர்களுக்கு இதை விளங்கப்படுத்த வேண்டும். எங்களுக்கு உடம்பில் வருவது நோ. கால் நோ, முதுகு நோ, நெஞ்சு நோ. தலைக்கு மட்டும் தலையிடி. வலி வந்தது என்று ஒருவர் சொன்னால் அது ஒன்றே ஒன்றுதான்: ஆள் விழுந்து, கைகால் இழுத்து, வாயில் நுரை தள்ளுவது. அந்தச் சொல்லை வீட்டில் சத்தமாகச் சொல்லவே மாட்டார்கள், கலியாணப் பேச்சு நடக்கிற வீடென்றால் நினைக்கவும் மாட்டார்கள்.

நாங்கள் அம்புலன்சுக்குப் போன் அடிக்கவில்லை. அடிக்க விடவில்லை நான். அடித்தால் அது கொம்பியூட்டரில் ஏறும், ஏறினால் லைசன்ஸ் போகும், வருடக்கணக்குக்குத் திரும்பி வராது. மகள் ஷெறோன் யுனிவர்சிட்டியில் இரண்டாம் வருடம். வீட்டுக் கடன் இருக்கிறது. ஒரு தரம் வந்தது இனி வராது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன், பின்னேரம் ஷிப்டுக்கும் போனேன். அன்று தொடக்கம் றோஸ்மலர் என் காரில் ஏறுவதை விட்டுவிட்டாள். கோயிலுக்கும் பஸ். ஏனென்று நான் கேட்கவுமில்லை, அவள் சொல்லவுமில்லை.

லைசன்ஸ் புதுப்பிக்கிற கடிதம் வந்ததும் அவள் ஒன்றை மட்டும் கேட்டாள். "டொக்டரிட்டை சொல்லுவன் எண்டு மடு மாதாவாணைச் சத்தியம் பண்ணுங்கோ. சொல்லாமல் கையெழுத்து வாங்கிக்கொண்டு இந்த வீட்டுக்குள்ளை வரக்கூடாது."

"சொல்லுறன்."

"சத்தியம் பண்ணுங்கோ."

பண்ணினேன். வேறு வழியில்லை. அவள் கேட்ட விதம் அப்படி.

டொக்டர் மதிவாணன் எங்கள் சேர்ஜரிக்குப் புதிது. மதுரைப் பக்கம். இங்கிலாந்தின் வடக்கில் எங்கோ தமிழ்ச் சத்தமே கேட்காத ஊரில் படித்து, வேலை பார்த்துவிட்டு அந்தக் கோடையில்தான் இங்கே வந்திருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து கை கொடுத்தார். "வாங்கண்ணே, உக்காருங்க. தமிழ்லயே பேசலாம்ல?" என்று அவர் கேட்டபோது எனக்குப் பாதிப் பயம் போய்விட்டது. முப்பது வயதுக்கு மேல் இருக்காது. மேசையில் என் படிவத்தின் பக்கங்கள் ஏற்கெனவே நிரம்பிக் கிடந்தன.

கண் பார்த்தார், பிரஷர் அளந்தார், மூச்சை இழுத்து விடச் சொன்னார். "இந்தப் பக்கமெல்லாம் உங்க நோட்ஸப் பாத்து நேத்தே போட்டுட்டேன்," என்றார். "காசு கேக்குறாங்கன்னு ரிசெப்ஷன்ல சண்ட போட்டீங்களாமே?"

"அது சும்மா, டொக்டர்."

"பரவால்ல, எல்லாரும் போடுறதுதான். நேத்து ஒரு மணி நேரம் உக்காந்து வாசிச்சேன். உங்க காலுல ஆணி குத்தினது, தட்டம்மை ஊசி போட்டது, பல்லு வீங்கினது வரைக்கும் எனக்குத் தெரியும். ஆனா பாருங்க, எழுதி இருக்கிறதத்தான் நான் வாசிக்க முடியும். எழுதாதத நீங்கதான் சொல்லணும். வேற ஏதாச்சும் இருக்கா?"

இப்படி நேராகக் கேட்பார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. சத்தியம் பண்ணியிருக்கிறேன். சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

"ஒரு விசயம் இருக்கு டொக்டர். போன மாரியிலை எனக்கு ஒருக்கா வலி வந்தது."

சொல்லிவிட்டேன். இனி என்ன நடந்தாலும் நடக்கட்டும், லைசன்ஸ் போகட்டும், றோஸ்மலரின் முகத்தைப் பார்க்கலாம் என்று ஒரு நிம்மதி, சத்தியமாக வந்தது. அது பொய்யில்லை. அந்த ஒரு வினாடி நான் நல்ல மனிசனாக இருந்தேன்.

டொக்டர் பேனையை எடுத்தார். "எங்க?"

"வீட்டிலை. குசினிக்குள்ளை நிக்கேக்கை."

அவர் சிரித்துவிட்டார். "வீட்ல சரிண்ணே. உடம்புல எங்க?"

வலிக்கு யாராவது இடம் கேட்பார்களா? கைகால் இழுத்து விழுந்தவனிடம் உடம்பில் எந்த இடம் என்று கேட்பார்களா? அந்த இடத்தில்தான் எனக்கு விளங்கியது. இந்த மனிசன் நோ என்று நினைக்கிறார். இருபது வருடமாக எங்கள் வீட்டு டீவியில் இந்தியச் சீரியல் ஓடுகிறது, "தல வலிக்குதுடி" என்று அழாத பெண் அதில் இல்லை. அவர்களுக்கு வலி என்றால் நோ. எனக்கு அது தெரியும். அந்தக் கதிரையில் இருந்தபோது எனக்கு அது நன்றாகவே தெரியும். "இல்லை டொக்டர், ஃபிட்ஸ்" என்று ஒரு சொல் சொன்னால் போதும். அந்த இங்கிலீஷ் சொல்லும் எனக்குத் தெரியும்.

"உடம்பு முழுக்கத்தான், டொக்டர்," என்றேன்.

அதுவும் பொய்யில்லைத்தானே.

"ரொம்ப நேரம் இருந்துச்சா?"

"கொஞ்ச நேரந்தான்."

"நெஞ்சுல?"

"நெஞ்சிலை ஒண்டும் இல்லை."

"அப்புறம் வரலையே? அப்பச் சரி. நாள் பூரா உக்காந்தே ஓட்டுறீங்க, குளிர் வேற. எல்லா டிரைவருக்கும் இருக்கிறதுதான். நடங்க கொஞ்சம்." அவர் படிவத்தைத் திருப்பி என் பக்கம் தள்ளினார். "எல்லாத்தையும் டாக்டர்கிட்ட சொல்லிட்டேன்னு இங்க நீங்க ஒரு கையெழுத்துப் போடணும். அங்க நான்."

போட்டேன். என் கை நடுங்கவில்லை, அதுதான் எனக்கு இன்றைக்கும் அருவருப்பாக இருக்கிறது. எழும்பும்போது, குற்றம் செய்தவனுக்கு வருகிற ஒரு குழைவு வந்து, என் பேர் போட்ட டக்சிக் கார்டையும் எடுத்து மேசையில் வைத்தேன். "எயார்போட் ஓட்டம் ஏதும் எண்டால் சொல்லுங்கோ டொக்டர், ஒபிசுக்கு அடிச்சு என்ர பேரைக் கேட்டால் சரி." அவர் அதை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

றோஸ்மலர் கதவடியிலேயே நின்றாள். "சொன்னியளோ?"

"சொன்னன்."

"என்னெண்டு சொன்னனீங்கள்?"

"ஒருக்கா வலி வந்தது எண்டு."

"அந்தச் சொல்லே சொன்னனீங்கள்?"

"அந்தச் சொல்லேதான். மாதாவாணை."

"அவர் என்னவாம்?"

"இருந்து ஓடுறதாலையாம். பயப்பிட ஒண்டும் இல்லையாம். நடக்கட்டாம்."

அவள் அப்படியே மாதா படத்துக்கு முன்னால் போய் நின்று அழுதாள். படித்த பிள்ளை பார்த்துச் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்றாள். "நான் வீணா உங்களைப் பயப்படுத்திப்போட்டன்" என்று என்னிடம் மன்னிப்பு வேறு கேட்டாள். அடுத்த ஞாயிறு பூசைக்கு என் காரில் ஏறினாள். முன் சீட்டில் பெல்ட்டைப் போட்டுக்கொண்டு, பின்னால் திரும்பி ஷெறோனிடம் ஏதோ சொல்லிச் சிரித்தாள். மாதக்கணக்காக அந்தச் சிரிப்பைக் காணவில்லை. இல்ஃபோர்ட் வரைக்கும் இருபது மைல் வேகத்தில்தான் போனேன், பின்னால் வந்தவன் கோர்ன் அடித்துத் தள்ளினான்.

பாவசங்கீர்த்தனம் செய்யலாமென்று ஒரு நாள் வரிசையில் நின்றேன். பிறகு, தமிழ்ப் பூசைக்கு வந்திருக்கிற சுவாமியும் தமிழ்நாட்டுக்காரர் என்று நினைவு வந்தது. அவரிடமும் அந்தச் சொல்லையே சொல்லிவிட்டு, அவரும் எங்கே என்று கேட்க, நான் மறுபடி உடம்பு முழுக்க என்று சொல்வேனோ என்று எனக்கே என்னில் பயம் வந்தது. வரிசையை விட்டு வந்துவிட்டேன். இரவில் படுத்தால் ஒரே கேள்விதான். அந்தச் சொல் தானாக வாயில் வந்ததா, அல்லது வாய்க்குள் இருந்த வலி, வலிப்பு, ஃபிட்ஸ் என்ற மூன்று சொல்லில் அதை நான் தெரிந்தெடுத்தேனா? டொக்டர் முதலில் எங்கே என்று கேட்டதற்குச் சொன்ன பதிலை மாதா மன்னிப்பார். உடம்பில் எங்கே என்ற இரண்டாவது கேள்விக்கு?

பிறகு ஒரு நாள் டொக்டர் மதிவாணன் டக்சி ஒபிசுக்கு அடித்து என் பேரைச் சொல்லி புக் பண்ணியிருந்தார். அவரது அம்மா மதுரையிலிருந்து வருகிறாராம், முதல் தரம் லண்டனாம், ஹீத்ரோவில் இருந்து கூட்டிவர வேண்டுமாம். எனக்கு வேறு ஓட்டம் இருக்கிறது என்று ஒபிசுக்குச் சொல்லிப் பார்த்தேன். அவர் என் போனுக்கே எடுத்தார். "உங்களத்தாண்ணே கேட்டேன். அம்மாக்கு இங்கிலீஷ் வராது. நீங்கன்னா பேசிக்கிட்டே வருவாங்க." வரமாட்டேன் என்பதற்கு என்னிடம் இருந்த ஒரே காரணம் சொல்ல முடியாத காரணம்.

அம்மா சின்ன உருவம். முழங்காலில் ஒப்பரேஷன் செய்திருந்ததால் சக்கர நாற்காலியில் தள்ளி வந்தார்கள். நான் கையைப் பிடித்துப் பின் சீட்டில் ஏற்றினேன். என் கையை விடாமல், "நல்லா இருப்பா," என்றார். டொக்டர் எனக்குப் பக்கத்தில் முன் சீட்டில் இருந்தார். மோட்டர்வேயில் ஏறியதும் அம்மாவுக்குப் பயம் வந்துவிட்டது.

"ஏப்பா, இம்புட்டு வேகமாப் போவாங்களா இந்த ஊர்ல? தம்பி, பாத்துப்பா."

"அம்மா, பயப்படாத," டொக்டர் திரும்பிச் சிரித்தார். "இவரு நல்லா ஓட்டுவாருன்னு நானே பாத்துக் கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கேன். ஏதாச்சும்னா என்னயத்தான் உள்ள வைப்பாங்க."

"நீ பாத்தியா? அப்பச் சரி," என்று சொல்லிவிட்டு அந்த மனுசி கண்ணை மூடினார். இரண்டு நிமிடத்தில் நித்திரை. கண்ணாடியில் பார்த்தேன். வாய் லேசாகத் திறந்திருந்தது, மடியில் இருந்த பையை ஒரு கை பிடித்திருந்தது. மகன் பார்த்தான் என்கிற ஒரே காரணத்துக்காக என் பின்னால் தூங்குகிற மனுசி. றோஸ்மலரும் அதே காரணத்துக்காகத்தான் என் பக்கத்தில் ஏறினாள். சவுத்ஹால் ஊருக்குப் பிரிகிற வெளிவழி வந்ததும் சிக்னலைப் போட்டு இறங்கிவிட்டேன்.

"ஏண்ணே, ட்ராஃபிக்கா?"

ஒரு பக்கத் தெருவில், மூடியிருந்த கடையொன்றுக்கு முன்னால் நிறுத்தினேன். மழை தூறிக்கொண்டிருந்தது. "டொக்டர், ஒருக்கா இறங்குங்கோ. அம்மா படுக்கட்டும்."

இறங்கினார். காருக்குப் பின்னால் போய் நின்றோம்.

"அண்டைக்கு நான் உங்களுக்கு வலி எண்டு சொன்னது நீங்கள் நினைச்ச வலி இல்லை, டொக்டர். எங்கட ஊரிலை அதுக்குப் பேர் நோ. எங்களுக்கு வலி எண்டால் உங்கட ஆக்கள் வலிப்பு எண்டு சொல்லுறது. ஃபிட்ஸ்."

அவர் முகத்தில் இருந்த பிள்ளைத்தனமெல்லாம் ஒரேயடியாகப் போனது. "நாக்கக் கடிச்சீங்களா?"

"ஓம்."

"நெனவு?"

"இல்லை. எழும்பேக்கை மனிசி கையைப் பிடிச்சுக்கொண்டு இருந்தவ."

"நான் எங்கன்னு கேட்டேனே." அவர் குரல் இறங்கிவிட்டது. "ரெண்டு தரம் கேட்டேன்."

"கேட்டனீங்கள்."

"நான் தப்பா எடுத்துக்கிட்டேன்னு உங்களுக்கு அப்பத் தெரியுமா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். பாவம், படிப்பில்லாத டக்சிக்காரன், பாஷை குழம்பிவிட்டது என்று அவரே எனக்காக எழுதியிருப்பார். அவர் முகம் அந்தப் பதிலைத்தான் கேட்டு நின்றது, என்னைவிட அவருக்கே அது தேவைப்பட்டது போல இருந்தது.

"ஓம் டொக்டர். ரெண்டாந்தரம் கேக்கேக்கை விளங்கீட்டுது."

அவர் காரின் கூரையில் கையை வைத்துக்கொண்டு நின்றார். மழை அவர் கண்ணாடியில் விழுந்தது, துடைக்கவில்லை. "ஒரு மணி நேரம் வாசிச்சேன்," என்றார், என்னிடம் இல்லை. பிறகு போனை எடுத்து வேறு டக்சிக்குப் போட்டார். போட்டுவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்: "லைசன்ஸ்காரங்களுக்கு நீங்களா சொல்லுறீங்களா, நான் எழுதவா? ரெண்டுல ஒண்ணு நடந்தாகணும்."

ஷெறோன் நினைவுக்கு வந்தாள். வீட்டில் மாதாவுக்கு நன்றி சொல்லிக்கொண்டிருக்கிற மனிசி நினைவுக்கு வந்தாள். அவளுக்கு இதை எந்தச் சொல்லில் சொல்வது?

மற்ற டக்சி வந்துவிட்டது. ஓட்டுநர் ஒரு சர்தார்ஜி, இறங்கி என்னைப் பார்த்து, கார் பழுதா என்று கேட்டார். ஓம் என்று தலையாட்டினேன். பெட்டிகளை நானே தூக்கி வைத்தேன். அம்மா விழித்து, மகனின் தோளைப் பிடித்துக்கொண்டு நொண்டி நொண்டி அந்தக் காருக்கு மாறினார்.

"எதுக்குடா வண்டி மாறுறோம்? இவரு வரலையா?"

"அவருக்கு ஒடம்பு முடியலம்மா."

"முடியலையா?" அவர் கார்க் கதவுக்குள்ளால் எட்டி என்னைப் பார்த்தார். நான் மழையில் நனைந்து என் காருக்குப் பக்கத்தில் நின்றேன். "முடியாதவரத் தெருவுல விட்டுட்டா போறது? நல்லா இருக்குடா நீ டாக்டருக்குப் படிச்ச லட்சணம். வாங்க தம்பி, வந்து ஏறுங்க. வீட்டுல எறக்கி விட்டுட்டுப் போறோம்."

டொக்டர் கதவைப் பிடித்தபடி நின்றார். ஏறுங்கள் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. தெருவின் அடுத்த பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா பையை மடிக்குத் தூக்கி, ஒப்பரேஷன் செய்த காலை இரண்டு கையாலும் பிடித்து மெல்ல மெல்ல அங்கால் நகர்ந்து, தன் பக்கத்தில் எனக்கு இடம் விட்டார்.